பெயர் தெரியாத பறவை

ஏணியின் உச்சிப் படியை எட்டியதும் கைப்பேசிக்கு உயிர் வந்தது.

முரளியின் தோட்டத்தில் சிக்னல் அந்த உயரத்தில்தான். மிளகு பறிப்பதும் ஊர் உலகத்தோடு பேசுவதும் ஒரே மரத்தில்.

கீழே அவன் மனைவி பூங்குழலி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பேளுக்குறிச்சியில் மசாலாக் கடை வைத்திருக்கும் பக்ருதீன் ஒரு வாட்ஸப் குழு நடத்துகிறார். கண்ணில் பட்ட, காதில் விழுந்த அதிசயம் எதையும் போடலாம். காலை வணக்கம் மட்டும் கூடாது.

முரளி போட்டது எதுவும் அங்கே எடுபட்டதில்லை.

மூக்கு முளைத்த மரவள்ளிக் கிழங்கைப் போட்டான். ‘எங்க ஊட்டுக் கெழங்குக்கு மீசையே இருக்குதுங்க’ என்று பக்ருதீன் எழுதினார்.

கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை மறித்து நின்ற ஆட்டைப் போட்டான். ஒருவர் ஆட்டின் விலையைக் கேட்டார்.

நேற்று ஓர் ஒலியைப் போட்டான்.

ஆந்தையின் குரலைப் பிடிக்க ஆசைப்பட்டு, முந்தின இரவு கைப்பேசியைப் பதிவில் விட்டு ஜன்னலில் வைத்திருந்தான். விடிந்து கேட்டால் ஆந்தை இல்லை. வேறு ஏதோ. அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு, சற்று மௌனம், முடிவில் மெல்லிய சீழ்க்கை.

இப்போது பார்த்தால் குழுவே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

மரங்கொத்தி என்றார் ஒருவர். இருவாச்சி என்றார் இன்னொருவர். இருவாச்சி பொழுது சாய்ந்தால் தூங்கிவிடும் என்று மூன்றாமவர் சண்டைக்கு வந்தார். பக்ருதீன் அதைத் தன் ரிங்டோனாகவே வைத்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் கீழே பேராசிரியர் அருள்மொழி. பறவைகளை ஆராய்கிறவர். குழுவில் வாயே திறக்காதவர்.

‘இப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. ஞாயிறு இரவு கருவிகளோடு வருகிறோம். உங்கள் வாசலில் தங்கிக்கொள்ளலாமா?’

அதற்கும் கீழே பக்ருதீன்: ‘புதுசா இருந்தா முரளிக் குருவின்னே பேரு வெச்சிரலாமுங்க.’

முரளி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். அவன் பெயர் இதுவரை ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

பறவை ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். வராவிட்டால் மரவள்ளிக் கிழங்கோடு சேர்த்து இதையும் சொல்லிச் சிரிப்பார்கள்.

“ஏனுங்க, மொளகு பறிக்கறீங்களா, மெசேஜ் பறிக்கறீங்களா?”

இறங்கினான். பையில் ஒரு பிடி மிளகுகூட இல்லை. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினான். ஒலியைப் போட்டுக் காட்டினான்.

பூங்குழலி தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்று போட்டோவுக்கு நின்றபோதுகூட அது இப்படி மலர்ந்ததில்லை.

“இது தெனமும் கத்தறதுதானுங்க. நான் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து கேட்டுட்டுத்தான் இருக்கறேன்.”

“அட, ஒரு வார்த்த சொல்லலையே கண்ணு! ஞாயித்துக்கிழமையும் வருமா?”

அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிக்கச் சற்று நேரம் ஆனது.

“தப்பாம வருமுங்க. ஆனா அவங்களோட நீங்க கண்ணு முழிச்சு உக்காந்திருக்கக் கூடாது. நேரத்தோட சாப்புட்டுட்டு, ஜன்னலோரமா மல்லாந்து படுத்துத் தூங்கீருங்க.”