தட்டிக்குக் கிடைத்த பதில்

மூங்கில் தட்டிக்கு நடந்தது அநியாயத்திலும் அநியாயம். ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் கட்டடத்துக்கு, வெயிலை உள்ளே விடாமல் மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்காக விருது கிடைத்தது. மேற்குப் பக்கம் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த வெயிலை மறித்தவள் தட்டி. ஆனால் விருதுக்காகப் படம் எடுக்க ஆள் வந்ததும், "இது டீக்கடை மாதிரி இருக்கு, கண்ணாடி பளபளன்னு தெரியட்டும்" என்று அவளைத்தான் கழற்றிக் கொண்டுபோய் சைக்கிள் ஸ்டாண்டில் சாய்த்தார்கள். இதை எங்கே போய்ச் சொல்ல?

"அப்பாடா, இப்பத்தான் என் முகமே வெளியே தெரியுது" என்றாள் கண்ணாடி.

 

பொழுது மேற்கே சாய்ந்ததும் வெயில் நேரே வந்து கண்ணாடிமேல் உட்கார்ந்தது. உள்ளே மாணவிகள் நோட்டால் விசிறிக்கொண்டார்கள். ஏசிப் பெட்டி இரைந்து இரைந்து, "என்னால முடியலடியம்மா, அவளைக் கூப்பிடு!" என்று கத்தியது. எவளைக் கூப்பிடச் சொல்கிறது என்றே கண்ணாடிக்கு விளங்கவில்லை. கொதித்துக்கொண்டு நின்றாள்.

படம் எடுத்தவர்கள் போனதும், மாணவிகளே தட்டியைத் தூக்கி வந்து மாட்டினார்கள். கண்ணாடிமேல் நிழல் விழுந்தது, மூங்கில் இடுக்கு வழியே காற்றும் வந்தது.

"மகராசி, நல்லா இரு" என்று ஏசிப் பெட்டி அடங்கியது.

தட்டி விடவில்லை. "இத்தனை நாளா உன் முன்னாடியே நிக்கிறேனே, எதுக்கு நிக்கிறேன்னு ஒரு நாளாவது நினைச்சியாடி?"

கண்ணாடிக்கு மெல்லச் சூடு ஆறியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்தப் பக்கம் வெயிலே வராதுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன், அக்கா."