இறுக்காத கட்டு

“நல்லபாம்புதான் சார்” என்றார் எஸ்டேட் கம்பவுண்டர் சுருளிவேல், தோட்டக் கூலி ராக்கையாவின் கணுக்காலைப் பார்த்த மாத்திரத்தில். மேனேஜர் மறுபேச்சில்லாமல் ஜீப்புச் சாவியை டிரைவரிடம் நீட்டினார்.

முந்தின நாளிலிருந்து பிரசவ வலியில் கிடந்த வேலுத்தாயையும் பின்னால் ஏற்றிக்கொண்டார் சுருளிவேல். எப்படியும் போடி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்புதானே.

ஏலத்தோட்டத்தைத் தாண்டி வண்டி மலைப்பாதையில் இறங்கியது. ராக்கையாவுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது.

“கட்டு லூசா இருக்கு கம்பவுண்டரே. இன்னும் இறுக்குங்க.”

“அது போதும்ணே. பேசாம வாங்க.”

“நான் பொழைக்க மாட்டேன். பொட்டிபுரத்துல எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிருங்க, செவலப் பசுவ மட்டும் வித்துற வேணாம்னு.”

சுருளிவேல் ராக்கையாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ராக்கையாவிடம்தான் முதலில் ஓடி வந்தார்.

“என்னைய விடுங்கய்யா, நான் போற உசிரு. அந்தப் பிள்ளைய வெரசாப் பாருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார் ராக்கையா.

வேலுத்தாயை உள்ளே தூக்கிப் போனதும், சுருளிவேல் குனிந்து ராக்கையாவின் காலைப் பிடித்துக் கட்டை அவிழ்த்தார்.

“மன்னிச்சிருங்கண்ணே. உங்களக் கடிச்சது வெறும் சாரைப்பாம்பு. பல்லுத் தடத்தப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. பிரசவத்துக்கெல்லாம் ஜீப்பு தர முடியாதுன்னு காலையிலதான் மேனேஜர் சொன்னாரு. டிரைவர் அவரு மச்சான், வழியிலயும் வாயத் தெறக்க முடியல.”

சாகமாட்டோம் என்று தெரிந்த பிறகும், ராக்கையாவின் கால் சுருளிவேலின் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது.