றேமண்ட் சொன்ன சரி

இந்த முறை நத்தார்ப் பண்டிகைக்கு உங்கள் அம்மா இங்கே வரவேண்டாம் என்று பிறிஜெற் தன் புருஷனிடம் சொன்னாள்.

வேண்டுமென்றேதான் சொன்னாள். மாமியார்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த றேமண்டின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சரி என்றான்.

அவள் எதிர்பார்த்தது ஒரு சண்டையை.

பருப்பில் உப்புக் குறைந்தாலும் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வருகிற மனுஷன். கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய மாடிவீட்டுக்குப் பக்கத்து வீட்டார், டீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இவர்கள் சண்டையைக் கேட்பார்கள். கொஞ்ச நாளாக அவன் வாயில் சரியைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. பெற்ற தாயையே விட்டுக்கொடுக்கிறான் என்றால், எதையோ பெரிதாக மறைக்கிறான்.

இது தொடங்கியது எப்போது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சந்தையில் மீன்காரனோடு வாய்த்தர்க்கம் முற்றி, அவள் அங்கேயே மயங்கி விழுந்த கிழமை. வெயில்தான் என்று அந்த மயக்கத்தை அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். மறக்காதது வேறொன்று. அதே கிழமைதான் சுரேகா என்ற ஆராய்ச்சி மாணவி பல்கலைக்கழகத்தில் அவனோடு வந்து சேர்ந்தாள்.

அதன் பிறகு பல்கனியில் நின்று தணிந்த குரலில் போன். பிறிஜெற் கிட்டே போனால் பேச்சு அறுந்துவிடும்.

இதயத் தசையின் ஒரு உயிர்க்கலத்துக்குள் கல்சியம் எப்போது பாய்கிறது, எப்போது அடங்குகிறது என்று சமன்பாடு எழுதி, கொம்பியூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவன் தொழில். துடிப்புக்கு ஒரு மேடாகத் திரையில் கோடு எழும். முன்பெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவான். இப்போது அவள் தலையைக் கண்டாலே திரையை மூடுகிறான்.

அவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து நேரே அவன் அறைக்குள் போனாள்.

திரையில் இரண்டு கோடுகள். மேலே இருந்தது ஒழுங்காக ஏறி இறங்கியது. கீழே இருந்ததன் பக்கத்தில் கோபம், பயம் என்று எழுதியிருந்தான். அதில் நேரங்கெட்ட நேரத்தில் கல்சியம் கசிந்து, துடிப்புக் குழம்பி, கோடு வெறும் கிறுக்கலாகக் கிடந்தது.

அவளுக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. எங்காவது சுரேகாவின் பெயர் இருக்கிறதா என்றுதான் தேடினாள்.

ஆர் அவள் என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு டீவி அடங்கியது.

றேமண்ட் ஓடி வந்தான். வந்ததும் அவள் கையைப் பிடித்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தாள்.

அவன் விரல்கள் அவள் மணிக்கட்டில் நாடியின்மேல் அழுந்தியிருந்தன. கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

அவளை உட்காரவைத்து, மூச்சு ஆறும்வரை காத்திருந்தான். இத்தனை நாளும் போனில் பேசியது பொரளையில் ஒரு இதய டொக்டரோடு, அவள் சந்தையில் மயங்கி விழுந்ததைப் பற்றி என்றான். பிறகு, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவதுபோலக் கேட்டான்.

"வெள்ளவத்தையில உன்ட தம்பி மெல்ரோய் மூழ்கிச் செத்த அண்டைக்குக் கடல் அமைதியா இருந்தது எண்டுதானே சொன்னாங்க. அவன் நல்லா நீந்துவான்தானே. அண்டைக்கு அவன் ஆரோடயும் போட்டிக்கு நீந்தினவனா?"

ஓம், போட்டிக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். கண் தானாகக் கீழ்க்கோட்டுக்குப் போனது. அவ்வளவு நேரமும் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் பயம் வந்தது.

அவள் முகத்தில் அதைக் கண்ட றேமண்ட், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான்.