தகரக் கதவு

ஜன்னல்களைச் சாக்குத் துணியால் மறைத்ததும் நாற்பது பெண்பிள்ளைகளின் பேச்சும் அடங்கியது.

சுகாதார இலாகா பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கும் படவிளக்கை ஆசிரியைகள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். பள்ளிக்கூட இன்ஸ்பெக்ட்ரஸ் நான். குற்றம் கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு.

ஊதாப் பென்சிலால்தான் எழுதுவேன். ரப்பர் போட்டாலும் அழியாது. தாளுக்கு அடியில் கார்பன். நகல் நேராக இலாகா டாக்டருக்குப் போகும்.

படவிளக்கு என்பது சுவரில் படம் காட்டும் ஒரு தகரப் பெட்டி. உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு. ஒவ்வொரு படத்துக்கும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து திரியைத் தூண்ட வேண்டும். கதவு கொதிக்கும். பிடிப்பதற்கென்று ஆணியில் ஒரு துணி தொங்கும்.

அந்த வாரம் பார்த்த ஆறு பள்ளிகளிலும் டீச்சர்கள் துணியைத் தேடியே பாதி நேரத்தைத் தொலைத்தார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

இந்தப் பள்ளி டீச்சர் ஞானபாய் துணியைத் தொடவே இல்லை. வெறுங்கையால் திறந்தாள், தூண்டினாள், மூடினாள். கொசு வந்தது. பாசி பிடித்த கிணறு வந்தது. ஒரு தடங்கலும் இல்லை.

மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. நான் நல்லபடியாக எழுதினால் நிரந்தரமாகும். தாயும் இரண்டு தங்கைகளும் அவளை நம்பித்தான் இருக்கிறார்கள் என்று தலைமையாசிரியை வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

"எங்க டீச்சருக்குத் துணியொண்ணும் வேண்டாமாக்கும்" என்றாள் என் பக்கத்திலிருந்த பெண், பெருமை தாங்காமல்.

நான் அதையே எழுதினேன். 'கருவியிடம் பயமில்லை. சூடான கதவை வெறுங்கையால் திறந்து நேரத்தை மிச்சப்படுத்துகிறார். மற்றவர்களும் பின்பற்றலாம்.' கீழே லலிதாம்பாள் என்று கையெழுத்தும் போட்டேன்.

அடுத்தது அன்று காலைதான் வந்து சேர்ந்த புதுப் படம். சுவரில் ஒரு ஆணின் முதுகு. அங்கங்கே வெளுத்த தேமல்.

ஞானபாய் ஒரு கையைக் கதவில் வைத்தபடி, கூட வந்த அச்சுத்தாளை வாசித்தாள்.

"இது குஷ்டம். நோய் பற்றிய இடத்தில் உணர்ச்சி இருக்காது. சூடு பட்டாலும்..."

குரல் நின்றது.

வெளியே பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் யாரோ சிதறுகாய் அடித்தார்கள்.

பக்கத்திலிருந்த பெண் சுவரைப் பார்க்கவில்லை. டீச்சரின் கையைப் பார்த்தாள். அது இன்னும் கதவின்மேல்தான் இருந்தது.

கார்பனை மெல்லத் தூக்கினேன். டாக்டருக்குப் போகும் தாளிலும் நான் எழுதியது ஒரு எழுத்து விடாமல் விழுந்திருந்தது.

ஞானபாய் என் மடியிலிருந்த தாள்களைப் பார்த்தாள். கையை எடுத்தாள்.

அடுத்த படத்துக்கு, ஆணியிலிருந்த துணியை எடுத்து, சூடு பொறுக்காதவள் போலக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.