மடியில் சோறு

“மடியை அவிழும்மா!”

சுசீலாவின் குரலில் மகள் இல்லை. உத்தியோகம் மட்டுமே இருந்தது.

மலாயாவில் அவசரகாலம். புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில், கேட்டைத் தாண்டி ஒரு பருக்கைச் சோறும் வெளியே போகக் கூடாது. போனால் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குத்தான் போகும் என்பது அரசாங்கத்தின் முடிவு. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களைச் சோதிப்பது சுசீலாவின் பொறுப்பு.

வரிசையில் நின்ற குஞ்சம்மா சிரித்தாள். “நேத்து என் கருவாட்டைப் புடுங்கினியே! உங்கம்மாவையும் நல்லாப் பாருலா!”

அம்மா ராமாத்தாளின் மடியில் வாழையிலைப் பொட்டலம். உள்ளே எலுமிச்சம்பழ அளவு சோறு.

சுசீலா பொட்டலத்தை உற்றுப் பார்த்தாள். அப்பா மருதமுத்து ஜொகூருக்கு லோரி ஓட்டப் போனவர்; ஓராண்டாக வீடு திரும்பவில்லை. ‘காட்டுல சேர்ந்துட்டான்’ என்று தொழிலாளர் குடியிருப்பான லயமே முணுமுணுத்தது. அம்மாவோ நெற்றிக் குங்குமம் குறையாமல், “உன் கல்யாணத்துக்கு வந்திடுவாரு” என்றே சொல்லிவந்தாள். கல்யாணம் அடுத்த மாதம்.

“யாருக்கும்மா இது? அப்பாவுக்கா?”

ராமாத்தாள் தலைகுனிந்தாள். “ஆமா.”

“அப்ப ஊர் சொன்னது நெசந்தானா! மாத்தா போலீசு பார்த்தா ஜெயில்ல போட்டுடுவான். என் முன்னாலயே தின்னுடு!”

“அதை நான் திங்கக் கூடாது, தாயி.”

“புருசனுக்குன்னா சட்டம்கூடத் தெரியாதா உனக்கு?”

பொட்டலத்தைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் வீசினாள் சுசீலா. சோறு புல்லில் சிதறியது.

ரப்பர் மரத்திலிருந்து இரண்டு காக்கைகள் இறங்கின.

ராமாத்தாள் சட்டென்று கைகூப்பினாள். “வாங்க... சாப்பிடுங்க” என்று உதடுகள் அசைந்தன.

சுசீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்று அமாவாசை.

“அம்மா... எப்போ?”

“தை மாசம். லோரி கவுந்துடுச்சாம்.” ராமாத்தாள் மகளின் காதோடு சொன்னாள். “வெளிய தெரிஞ்சா உன் கல்யாணம் ஒரு வருசம் தள்ளிப் போயிடும். வீட்டுல படைச்சா லயம் பூரா பார்க்குமே, தாயி. அதான் மரத்தடிக்குக் கொண்டு போவேன்.”

அம்மாவின் நெற்றியைப் பார்க்கச் சுசீலாவுக்குத் துணிவில்லை. நாள்தோறும் அந்தக் குங்குமத்தை யாருக்காக இட்டுக்கொண்டாள் அவள்!

பெற்றவள் மடியில் மறைத்திருப்பதெல்லாம் களவாகிவிடாது. அதை அவிழ்க்கச் சொல்லும் முன் நாம் ஒரு கணம் நின்று யோசிப்போம்.

வேலிக்கு அப்பால், மகள் கையால் போட்ட சோற்றில் அப்பா பசியாறிக்கொண்டிருந்தார்.