பின் சீட்டு ஹீரோ

"அப்பா, நாளைக்கு மேடையில உங்களைப் பத்திப் பேசப் போறேன். நல்லபடியா இல்ல. முன்னாடியே சொல்லிடறேன்."

மகள் கல்லூரியில் சினிமா பாடம் நடத்துகிறவள். ஒவ்வொரு காலத்துப் படமும் அந்தக் காலத்து மனிதர்களை எப்படிக் காட்டிக் கொடுக்கிறது என்று நாளை ஒரு கருத்தரங்கில் அரை மணி நேரம் பேச வேண்டும்.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கவில்லை.

"தாராளமா பேசும்மா. என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லிடு."

"அம்மா பின்னாலயே சுத்தினீங்களே, அதான்!"

அந்தக் கதை குடும்பத்துக்கே மனப்பாடம். அப்பா அப்போது தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர். அங்கே சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த படத்தில், ஹீரோயின் போகுமிடமெல்லாம் ஹீரோவும் போவான். 'பிடிக்கல' என்று அவள் பத்துத் தடவையாவது சொல்வாள். கடைசி ரீலில் பிடித்துவிடும்.

அதைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கும் பித்துப் பிடித்ததாம். படம் பார்க்க வந்த அம்மாவை ஒன்பது ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து பின் சீட்டில் உட்கார்ந்தே மடக்கிவிட்டாராம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அப்பாவே இதை நடித்துக் காட்டுவார். கூட்டம் வயிறு வலிக்கச் சிரிக்கும்.

"சின்ன வயசுல நானும் கைதட்டியிருக்கேன்ப்பா. இப்ப நெனச்சா உடம்பு கூசுது. ஒரு பொண்ணு நிம்மதியா ஒரு படம் பார்க்க முடியலையே!"

சமையலறையில் காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"இன்னிக்கு அப்படி ஒரு சீன் வச்சா படத்தைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. காலம் மாறிடுச்சு. நீங்கதான் மாறல. போன மாசம் அத்தை வீட்டுல கூட பெருமையா சொல்லிட்டு வந்தீங்க."

"சரிம்மா. தப்புதான்."

மகளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்பா மல்லுக்கு நிற்பார் என்று பதில்களையெல்லாம் தயாராக எழுதி வைத்திருந்தாள். ஆனாலும் விடவில்லை. போனை எடுத்தாள்.

"இதையே கேமரா முன்னாடி சொல்வீங்களா? 'நான் பண்ணது காதல் இல்ல, தொல்லை. மன்னிச்சிடுங்க'ன்னு. பேச்சோட கடைசியில போட்டுக் காட்டுவேன். முந்நூறு பேர் பார்ப்பாங்க."

"சொல்லிட்டாப் போச்சு."

சூடு ஆறாத சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டார். தலையை வாரினார். "வெளிச்சம் முகத்துல விழற மாதிரி உட்காரட்டுமா?" என்று வேறு கேட்டார். ஆபரேட்டர் புத்தி எங்கே போகும்?

"நான் என் மனைவிக்குப் பண்ணது..." என்று அவர் ஆரம்பித்ததுதான் தாமதம், கையில் கத்தியோடு அம்மா வந்து நின்றாள்.

"நிறுத்துடி அதை!"

"நீ சும்மா இரும்மா. அந்த மாதிரி படமா பார்த்து வளர்ந்தவ நீ. உனக்கு அது தப்பாவே தெரியாது."

"எனக்கு ஒண்ணு நல்லாத் தெரியும். படம் ஓடறப்ப ஆபரேட்டர் கேபினை விட்டு நகர முடியாது. கால் மணிக்கு ஒரு தரம் ரீல் மாத்தணும். நடுவுல, வெளிச்சத்துக்கு எரியற கார்பன் குச்சியைத் தள்ளிக்கிட்டே இருக்கணும். இவரு எப்படிடி என் பின் சீட்டுல வந்து உட்காருவாரு?"

போன் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது. சினிமாவில் டாக்டர் பட்டம் வாங்கியவளுக்கு இத்தனை வருஷத்தில் இது தோன்றவே இல்லை.

"பழைய கதையை விடேன்" என்றார் அப்பா.

"விட்டதெல்லாம் போதும். கேளுடி. மொத தடவை எங்க அண்ணிகூடப் போனேன். பாதியில ஃபிலிம் அறுந்துடுச்சு. ஜனங்க கத்தித் தீர்க்கறாங்க. இவரு கேபின் ஓட்டை வழியா மூஞ்சியை நீட்டி, 'அஞ்சு நிமிஷம் பொறுங்க, ஹீரோயின் எங்கயும் ஓடிடல, என்கிட்டதான் இருக்கா'ன்னாரு. தியேட்டரே சிரிச்சுது. நான் வீட்டுக்கு வந்தும் சிரிச்சேன்."

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஒன்பது ஞாயிறு அதே படம். கடைசி வரிசை, கேபினுக்கு நேர் கீழ. திரையைப் பார்த்ததைவிடத் திரும்பிப் பார்த்ததுதான் ஜாஸ்தி. ஒன்பதாவது வாரம் நானே போய்க் கதவைத் தட்டி, 'என்னைக் கட்டிக்கிறீங்களா'ன்னு கேட்டேன்."

"அம்மா!"

"வீட்டுக்குத் தெரிஞ்சு எங்க அண்ணன் வந்து நின்னதும் இந்த மனுஷன் முந்திக்கிட்டாரு. 'நான்தான் பின்னால சுத்தினேன், அவ மேல ஒரு தப்பும் இல்ல'ன்னாரு. பளார்னு ஒண்ணு விழுந்துது. அது எனக்கு விழ வேண்டிய அறைடி."

மகளுக்குக் கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது.

"ஏம்ப்பா? நிஜக் கதைதான் எவ்வளவு நல்லா இருக்கு! அதை விட்டுட்டு இத்தனை வருஷமா ஏன் கெட்ட பேரைச் சுமந்தீங்க?"

"அப்ப அது கெட்ட பேரே இல்லம்மா. ஹீரோ பேரு!"

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் படத்துல இன்னொரு பொண்ணும் உண்டு. தானா வந்து ஹீரோகிட்ட 'உங்களைப் பிடிச்சிருக்கு'ன்னு சொல்லுவா. பின்னால சுத்தினவனுக்கு விசிலடிச்ச அதே ஜனம், அவ வாயைத் திறந்ததும் வாய்க்கு வந்தபடி ஏசும். நூறு நாள், ஒரு ஷோ விடாம கேபின்லேர்ந்து கேட்டவன் நான். அதுல ஒரு வார்த்தைகூட உங்கம்மா மேல விழக் கூடாதுன்னு தோணுச்சு, அவ்வளவுதான்."