ஆறாவது இடம்

மலைமேல ஒரு தோட்டம். அதுல ஜென்ஷியன்னு ஒரு செடி. ஈரமும் குளிர்ச்சியும் இருந்து, வேரைத் தொடாம விட்டா, வருஷா வருஷம் ஐப்பசியில நீலமா பூக்கும். ஆனா தோட்டக்காரர் பெள்ளிக்குப் பொறுமை கிடையாது. பூ வரலைன்னு களைக்கொத்தால தோண்டித் தோண்டி அஞ்சு தடவை இடம் மாத்திட்டார். ஆறாவது இடத்துல நட்டப்போ, "இந்த ஐப்பசிக்கும் பூக்கலைன்னா உரக்குழிதான்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

"பயப்படாதே, பத்து நாள் கழிச்சு வேற நல்ல இடமா பாத்து மாத்திடலாம்"னுச்சு களைக்கொத்து.

செடி கொஞ்சம் யோசிச்சுது. "எதுக்குண்ணே? இப்படி ஒரு இடத்தை உங்களைத் தவிர யாரு கண்டுபிடிப்பா? மண்வெட்டிக்கெல்லாம் இந்த நெதானம் வருமா?"

"அவனா? அவன் வாய்க்கால் வெட்டத்தான் லாயக்கு"ன்னு சொன்ன களைக்கொத்துக்கு முகமெல்லாம் பளபளப்பு.

ஐப்பசி வரைக்கும் பொறுக்க முடியாம, பத்து நாள்லயே பெள்ளி மறுபடி தோண்ட வந்தார். களைக்கொத்து மண்ணுல இறங்கவே இல்லை. கல்லுல போய் முட்டுச்சு, அப்புறம் பிடியையும் கழட்டிக்கிச்சு. அவரும் சலிச்சுப்போய் விட்டுட்டார்.

ஐப்பசியில ஏழு பூ வந்துது, இங்க் பாட்டில் கவுந்த மாதிரி நீலம். "நான் வெச்ச இடம்"னு களைக்கொத்து தோட்டம் பூரா சொல்லிக்கிட்டிருந்துது.

பக்கத்துல இருந்த பூவாளி செடிகிட்ட மெதுவா கேட்டுது: "நெஜமாவே இந்த இடம் அவ்வளவு ஒசத்தியா?"

"ஆறு இடமும் ஒசத்திதான்"னுச்சு செடி. "இருக்க விட்டாத்தானே."